போத்தல் பொதிக்கு றெஜிபோமுக்குப் பதிலாக: ஜம்போலாத் தோலையும் தேங்காய் மட்டையையும் பார்த்து ஒரு மெத்தை செய்வது எப்படி?

கொட்டாஞ்சேனைப் பொதி:

வணக்கம். கித்துள் பாணியும் நல்லெண்ணெயும் 750 மில்லிலீற்றர் கண்ணாடிப் போத்தல்களில் கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, ஹட்டன் பக்கங்களுக்குக் கூரியரில் போகின்றன. பெட்டிக்கு ஆறு போத்தல். நிரம்பிய பாணிப் போத்தல் ஒன்று ஏறத்தாழ 1.45 கிலோ, விட்டம் 7.5 சென்ரிமீற்றர், உயரம் 30. இப்போது நடுவில் வைப்பது றெஜிபோம் (வெள்ளை நுரைப் பிளாஸ்ரிக்) தட்டும் பபிள் றப்பும்.

2017 செப்டெம்பரில் வந்த தடை றெஜிபோம் சாப்பாட்டுப் பெட்டி, லன்ச் சீற் போன்றவற்றுக்கானது. பொதிக்குள் வைக்கும் றெஜிபோமை அது தொடவில்லை. ஆனாலும் சட்டம் வரட்டும் என்று காத்திருக்க விருப்பமில்லை. பொதியைப் பிரித்த அன்றே அது குப்பைக்கோ கானுக்கோ போய்விடுகிறது.

பம்பளிமாசு, அதாவது சந்தையில் ஜம்போலா என்று விற்கும் பழம், உயர்ந்த மரத்திலிருந்து விழுந்தும் சிதறுவதில்லை. அந்தத் தோலின் அமைப்பைப் பின்பற்றி ஜேர்மனியில் அதிர்ச்சி தாங்கும் பொருட்கள் செய்து பார்த்திருக்கிறார்கள் என்று வாசித்தேன். பழச்சாறு விற்பவர்களிடம் தோல் சும்மாவே கிடைக்கும். அதைக் காயவைத்துப் பயன்படுத்தலாமா? முடியாதென்றால், அதே அமைப்பை இங்கு கிடைக்கும் எதைக் கொண்டு செய்யலாம்? எத்தனை சென்ரிமீற்றர் தடிப்பு வேண்டும்? கொழும்பின் ஈரக் காற்றில் பூஞ்சணம் பிடிக்காமல் இருக்குமா? அளவுகளோடு சொன்னால் பெரிய உதவி.

தும்புப் பட்டறை:

காய்ந்த ஜம்போலாத் தோல் வேண்டாம். பச்சைத் தோலின் கலங்கள் நீர் நிறைந்து விறைப்பாக இருப்பவை. அடி விழும்போது அந்தக் கலங்கள் நசிந்து, இடைவெளிகளில் உள்ள காற்று வெளியேறி, சக்தி மெதுவாகச் செலவழிகிறது. காய்ந்ததும் அந்த விறைப்புப் போய்விடும். தோல் சுருங்கி, கட்டியாகி, அடித்தால் உடையும். அதிலுள்ள சர்க்கரைக்கு இங்குள்ள காற்றில் சில நாட்களிலேயே பூஞ்சணம் வரும்.

தோலின் அமைப்பு வேறு விடயம், அதை விட்டுவிடாதீர்கள். வெளிப்பக்கம் நெருக்கமாகவும், உள்ளே வெள்ளைச் சதைப் பக்கம் போகப் போக இடைவெளிகள் பெரிதாகவும் இருக்கும். அந்த மாற்றம் படிப்படியானது. இங்கே ஒரு படை முடிந்து அங்கே இன்னொன்று தொடங்குகிறது என்று கோடு போட முடியாது. கிளைத்த நார்க்கட்டுகள் குறுக்கே ஓடி எல்லாவற்றையும் பிணைக்கின்றன. சிறிய அடியை இளகிய பகுதி வாங்கிக்கொள்ளும்; பெரிய அடி வந்தால் அது நசிந்து முடிவதற்குள் அடுத்த, சற்று இறுக்கமான பகுதி வேலையைத் தொடங்கிவிடும். ஒரே அடர்த்தியுள்ள நுரையில் இது நடப்பதில்லை. ஒரு எல்லைவரை நன்றாகத் தாங்கிவிட்டு, பிறகு திடீரென்று அடிதட்டும், அதாவது நுரை முழுதாக நசிந்து மேலும் இடங்கொடுக்காமல் நிற்கும். போத்தல் உடைவது அந்தக் கணத்தில்தான். ஃபிரைபேர்க் பல்கலைக்கழகத் தாவரவியல் பூங்காவின் ஆய்வாளர்கள் தோலை ஆராய, ஆஹனில் உள்ள வார்ப்புத்துறையினர் அந்த அமைப்பை உலோக நுரையாக வார்த்தார்கள். நமக்கு உலோகம் தேவையில்லை.

இங்கே அதற்கு ஏற்ற பொருள் தென்னந்தும்பு. தும்பில் நிறையளவில் 40 வீதத்துக்கு மேல் இலிக்னின் (மரத்துக்கு உறுதி தரும் பொருள்) இருப்பதால் ஈரத்தில் மற்ற நார்களைப்போல் சீக்கிரம் உக்காது. அதன் கலச்சுவரில் செலுலோசு நுண்ணிழைகள் நேராக ஓடாமல், நாரின் அச்சுக்கு ஏறத்தாழ 45 பாகை சாய்வில் சுருளாகச் சுற்றியிருக்கின்றன. அதனால் அறுவதற்கு முன் நன்றாக நீளும். சணல் அப்படியில்லை, உறுதியானது, ஆனால் நீளாமல் அறும். அதிர்ச்சி தாங்க நீளும் நார்தான் வேண்டும்.

தும்பை இறப்பர் பாலால் பிணைத்த மெத்தை இலங்கையில் நெடுங்காலமாகச் செய்யப்படுவது. அதையே ஜம்போலாத் தோல்போல மூன்று அடர்த்தியில் அடுக்கலாம். 85 × 50 சென்ரிமீற்றர் சட்டகம், முடிந்த தடிப்பு 3 சென்ரிமீற்றர் என்று வைத்துக்கொண்டு அளவு தருகிறேன்.

தும்பு: தூரிகைக்குப் போகும் நீளத் தும்பு வேண்டாம், மெத்தைத் தும்பு வாங்குங்கள். தும்புச்சோறு, அதாவது மட்டைத் தூள், போகும்வரை சலித்து அடியுங்கள். சோறு தங்கினால் இறப்பர் பாலை அது உறிஞ்சிக்கொள்ளும், நாரும் நாரும் தொடும் இடத்துக்குப் பால் மிஞ்சாது. கரையோரத்தில் ஊறவைத்து எடுத்த தும்பானால் நல்ல தண்ணீரில் இரண்டு தரம் அலசவேண்டும். உப்பு மிஞ்சினால் பால் தெளித்தவுடனே திரையும்.

சுருட்டல்: இதைத் தவிர்க்க வேண்டாம். நேரான தும்பைப் பாயாகப் போட்டால் நார்கள் படிந்து கிடக்கும், மெத்தை மீளாது. தும்பை விரல் தடிப்பான கயிறாக இறுக்கமாக முறுக்கி, ஈரமாக்கி, ஆவியில் அரை மணித்தியாலம் வைத்து, முறுக்கோடு முழுதாகக் காயவிடுங்கள். பிறகு பிரித்தால் ஒவ்வொரு நாரும் வில்லாகச் சுருண்டிருக்கும். மீள்தன்மை முழுவதும் அங்கிருந்துதான் வருகிறது. இறப்பர் அதைப் பிடித்து வைக்கிறது, அவ்வளவே.

அடுக்கல்: ஒவ்வொரு படையும் முடிவில் 1 சென்ரிமீற்றர். வெளிப்படை கனமீற்றருக்கு 100 கிலோ, நடுப்படை 70, உட்படை 45. உலர் நிறையில் தும்பு 60 பங்கு, இறப்பர் 40 பங்கு. அப்படியானால் இந்தச் சட்டகத்துக்குத் தும்பு முறையே 255, 180, 115 கிராம். உலர் இறப்பர் மொத்தம் ஏறத்தாழ 365 கிராம், அதாவது சென்றிபியூஜ் பால் (வேகமாகச் சுழற்றி 60 வீதத்துக்குச் செறிவாக்கிய இறப்பர் பால்) 610 கிராம். தெளிக்கும்போது ஐந்தில் ஒரு பங்கு வீணாகும் என்று 760 கிராம் எடுத்துவையுங்கள்.

ஒரு படையை விரித்துத் தெளித்து, பால் வெள்ளையாக ஈரமாக இருக்கும்போதே அடுத்த படையைப் போட்டு, முள்ளுப் பலகையாலோ நீண்ட ஊசிகளாலோ குத்தி நார்களை மேலும் கீழும் இழுத்துவிட வேண்டும். ஜம்போலாவில் குறுக்கே ஓடும் நார்க்கட்டின் வேலை இது. குத்தாமல் மூன்று படையையும் ஒட்டவைத்தால் சில அடிகளுக்குப் பிறகு படை படையாகக் கழன்றுவிடும்.

உலர்த்தல்: முதலில் 60 முதல் 70 பாகை செல்சியஸில், காற்றோட்டத்தோடு. ஆரம்பத்திலேயே சூட்டை ஏற்றினால் மேற்பரப்பில் தோல் கட்டி உள்ளே பச்சைப்பால் தங்கிவிடும். நடுவில் பிரித்துப் பார்த்தால் வெண்மை இருக்கக்கூடாது, இளமஞ்சளாகத் தெளிந்திருக்க வேண்டும். அதன்பின் 3 சென்ரிமீற்றர் தடிப்புக்கு அழுத்தித் தகடுகளுக்கிடையில் வைத்து 100 முதல் 110 பாகையில் 30 நிமிடம். மெத்தையின் நடுப்பகுதி அந்தச் சூட்டுக்கு வந்த பிறகுதான் நேரத்தை எண்ணத் தொடங்கவேண்டும். தும்பு வெப்பத்தை எளிதில் கடத்தாது, அதனால் வெளியில் உள்ள வெப்பமானியை நம்பாதீர்கள்.

சரியாக வெந்ததா என்று பார்க்க ஒரு துண்டை அரைத் தடிப்புக்கு நசித்து ஒரு நாள் வையுங்கள். விட்டு அரை மணித்தியாலத்தில் பழைய தடிப்பில் 85 வீதத்துக்குக் குறைவாக மீண்டால் வல்கனைசுப்படுத்தல் (கந்தகம் சேர்ந்த இறப்பரைச் சூட்டால் உறுதியாக்குவது) போதவில்லை.

பொதிச்சோதனை:

மெத்தை செய்முறை நல்லது. ஆனால் அதைப் போத்தலுக்குப் போத்தல் சுற்றவேண்டாம். இயற்கையைப் பார்ப்பதென்றால் இங்கே ஜம்போலாவைவிடத் தேங்காய் நல்ல வழிகாட்டி. தேங்காயில் மட்டை வெளியே, அதற்குள் சிரட்டை. சிரட்டை அடியை ஒரு புள்ளியில் நிற்கவிடாமல் பரப்பி மட்டைக்குக் கொடுக்கிறது. பொதிக்கும் அதுதான் வேண்டும்: ஆறு போத்தலையும் காட்போட் தடுப்புகளோடு ஒரு இறுக்கமான உட்பெட்டிக்குள் வையுங்கள், மெத்தை அந்தப் பெட்டிக்கு வெளியே ஆறு முகங்களிலும் இருக்கட்டும்.

கணக்கு இதோ. தனிப் போத்தல் நிமிர்ந்து விழுந்தால் 1.45 கிலோவும் 44 சதுர சென்ரிமீற்றர் அடிப்பரப்பில் நிற்கிறது. மெத்தை மேல் வரும் அழுத்தம் 3.2 கிலோபாஸ்கல். அதே போத்தல் பக்கவாட்டில் விழுந்தால் 1 கிலோபாஸ்கலுக்குச் சற்றுக் குறைவு. ஒரே மெத்தையால் மூன்று மடங்கு வித்தியாசமுள்ள இரண்டு நிலைக்கும் ஈடுகொடுக்க முடியாது. ஒன்றுக்கு அளவாகச் செய்தால் மற்றதில் அடிதட்டும், அல்லது மெத்தை நசியாமல் கல்லாக நிற்கும். உட்பெட்டி 26 × 18 × 32 சென்ரிமீற்றர், நிறை 9.2 கிலோ என்று எடுத்தால் அடிமுகத்தில் 1.9 கிலோபாஸ்கல், ஒடுங்கிய பக்கத்தில் 1.6, அகன்ற பக்கத்தில் 1.1. இந்த வித்தியாசத்தை ஒரே மெத்தை சமாளிக்கும்.

தடிப்புக்கு: 10 கிலோவுக்குக் குறைந்த பொதிக்கு இஸ்டா 1ஏ என்ற சர்வதேசப் பொதிச் சோதனை முறையில் விழும் உயரம் 76 சென்ரிமீற்றர். தடித்த கண்ணாடிப் போத்தலுக்கு புவியீர்ப்பு ஆர்முடுகலின் 80 மடங்கு எல்லை என்று வடிவமைக்கத் தொடங்கலாம். குறையேயில்லாத ஒரு மெத்தைக்கு 76-ஐ 80-ஆல் வகுத்த தூரம், அதாவது 0.95 சென்ரிமீற்றர் நசிவு போதும். உண்மையான மெத்தை அதன் தடிப்பில் மூன்றில் ஒரு பங்கையே அப்படிப் பயன்படுத்தும். ஆகவே 2.9, சுற்றுக்கணக்கில் 3. மேலே சொன்ன தடிப்புச் சரிதான். மெல்லிய கண்ணாடிச் சாடிக்கு மாறினால் 60 மடங்கை எல்லையாக வைத்து 4 சென்ரிமீற்றர் ஆக்குங்கள்.

85 × 50 சட்டகத்தில் ஒரு பொதிக்கு வேண்டிய ஆறு துண்டும் கிடைக்கும். 32 அகலப் பட்டையில் 26, 26, 18 என்று மூன்று. மிஞ்சும் 18 அகலப் பட்டையில் 26, 26, 32 என்று மூன்று. வெளிப்பெட்டியின் உள்ளளவு 32 × 24 × 38, அதாவது 29 லீற்றர். போத்தலைத் தனித்தனியே சுற்றினால் 39 லீற்றருக்குக் கிட்ட வரும். பருமனைப் பார்த்துக் கட்டணம் வாங்கும் கூரியரில் இந்த வித்தியாசம் மெத்தையின் செலவில் ஒரு பகுதியை ஈடுசெய்யும்.

மெத்தையை எந்தப் பக்கம் வைப்பது என்று குழம்புவார்கள். அடர்ந்த படை வெளிப்பெட்டியின் பக்கம், இளகிய படை உட்பெட்டியின் பக்கம். மாற்றி வைத்தாலும் முகத்தில் விழும்போது பெரிய வேறுபாடு தெரியாது. ஆனால் வெளியிலிருந்து கூரான ஒன்று குத்தினால் அடர்ந்த படைதான் தடுக்கும்.

ஆறு துண்டும் முகங்களை மூடும், விளிம்புகளில் 3 சென்ரிமீற்றர் வெற்றிடம் மிஞ்சும். மூலையில் விழும்போது உட்பெட்டி அந்த வெற்றிடத்துக்குள் சரியும். எட்டு மூலைக்கும் கட்டை வைத்தே ஆகவேண்டும். சோதிக்கும் ஒழுங்கு: ஒரு மூலை, அந்த மூலையில் சேரும் மூன்று விளிம்பு, பிறகு ஆறு முகம், மொத்தம் பத்து வீழ்ச்சி, ஒரே பொதியில். ஆர்முடுகலை அளக்கக் கைத்தொலைபேசியை உள்ளே வைக்காதீர்கள். அதிலுள்ள உணரி பெரும்பாலும் 8 அல்லது 16 மடங்கோடு நின்றுவிடும். ஏடிஎக்ஸ்எல்375 போல 200 மடங்குவரை அளக்கும் உணரியை ஒரு சிறு கட்டுப்பாட்டுப் பலகையோடு இணைத்து, பாணி நிரப்பிய ஆறாவது போத்தலோடு இறுக்கிக் கட்டுங்கள். உணரி தளர்ந்திருந்தால் அதன் சொந்த அதிர்வுதான் பதிவாகும்.

இன்னொன்று. மெத்தை இல்லாமலும் ஒரு பொதியைக் கட்டாயம் போட்டுப் பாருங்கள்: ஐந்து படைக் காட்போட் பெட்டி, தடுப்பு மட்டும். எண்ணெய்ப் போத்தலுக்கு அது போதுமென்று வந்தால் மெத்தையே தேவையில்லை. ஆனால் ஈரமான பெட்டியில் சோதியுங்கள். ஈரப்பதன் 85, 90 வீதத்துக்கு ஏறும்போது காட்போட் பெட்டி அழுத்தம் தாங்கும் வலுவில் ஏறத்தாழ அரைவாசியை இழக்கும். கொழும்பில் மழைக்காலக் காலைவேளைகளில் அது சாதாரணம்.

கொட்டாஞ்சேனைப் பொதி:

சிரட்டையும் மட்டையும் என்ற யோசனை மிகத் தெளிவு, இருவருக்கும் நன்றி. மூன்று சந்தேகங்கள். 100 பாகைப் போறணை இங்கு இல்லை, 60 பாகை உலர்த்தும் பெட்டி உண்டு. களுத்துறைப் பக்கத் தோட்டத்து இறப்பர் பாலை நேரடியாக எடுத்தால் மலிவு, அது சரிவருமா? மூலைக் கட்டைக்குக் காளான் இழையால் வளர்க்கும் பொருள் பொருந்துமா?

இறப்பர் வேதி:

தோட்டத்துப் பாலில் இறப்பர் 30 முதல் 40 வீதம்தான். மிச்சம் நீரும் புரதமும் சர்க்கரையும். அமோனியா சேர்க்காவிட்டால் அன்றைக்கே திரையத் தொடங்கும். சேர்த்தாலும் உலர இரட்டிப்பு நேரம், அதிக விறகு அல்லது மின்சாரம், மிஞ்சும் புரதத்தால் ஈரக் காலத்தில் நாற்றமும் பூஞ்சணமும். சென்றிபியூஜ் பாலே எடுங்கள். புரதத்திலும் சர்க்கரையிலும் பெரும்பங்கு அதில் ஏற்கெனவே நீங்கியிருக்கும்.

போறணை இல்லாததற்கு வழி உண்டு. பாலை மெத்தையில் தெளித்த பின் வல்கனைசுப்படுத்தாமல், தெளிப்பதற்கு முன்பே, பாலாக இருக்கும்போதே செய்துகொள்ளலாம். 60 வீதப் பால் 1 கிலோவுக்கு அளவு: முதலில் 10 வீதப் பொற்றாசியம் ஐதரொட்சைட்டுக் கரைசல் 12 கிராம். நன்றாகக் கலந்த பிறகு 50 வீதக் கந்தகக் கலவை 24 கிராம், 50 வீத ஆர்முடுக்கிக் (வல்கனைசுப்படுத்தலை விரைவாக்கும் பொருள்) கலவை 12 கிராம், 50 வீத சிங்க் ஒக்சைட் கலவை 24 கிராம், ஒட்சியேற்ற எதிரிக் கலவை 12 கிராம். இந்த ஒழுங்கை மாற்றவேண்டாம். பொற்றாசியம் ஐதரொட்சைட்டு முதலில் போகாவிட்டால் சிங்க் ஒக்சைட் பாலைத் தடிக்கவைக்கும். தூள்களை நேரே கொட்டினாலும் கட்டி விழும். நீரில் நன்கு அரைத்த கலவையாகவே வாங்குங்கள்.

இதை நீர்த்தொட்டிக்குள் வைத்து 60 பாகையில், நுரை வராமல் மெதுவாகக் கிளறியபடி 3, 4 மணித்தியாலம். மூடி போட்டு வையுங்கள். அமோனியா பறந்தால் பால் திரையும். ஆறவைத்து, துணியில் வடித்து, சில சொட்டு அமோனியா விட்ட மென்னீர் 400 மில்லிலீற்றர் சேர்த்தால் செறிவு 42, 43 வீதத்துக்கு வரும். ஸ்பிறே கன் அடைக்காது. இப்படிச் செய்த பாலுக்கு மெத்தையில் 60 பாகை உலர்த்தல் போதும். ஒரேயொரு குறை: முன்கூட்டியே வல்கனைசுப்படுத்திய பாலில் நாருக்கு நார் பிடிப்பு சற்றுக் குறைவு. அதனால் இறப்பரை 40-இலிருந்து 45 பங்காக்குங்கள்.

பாத்திரம் பிளாஸ்ரிக் அல்லது துருப்பிடிக்காத உருக்கு. செம்பு, பித்தளை ஆணியோ குழாய் முனையோ கூட வேண்டாம். செம்பு சிறிதளவு கலந்தாலும் இறப்பர் சில மாதங்களில் பிசுபிசுத்து நொறுங்கும். ஆர்முடுக்கியில் சிங்க் டைஎதில் வகை மலிவு, ஆனால் அது நைத்திரோசமைன் உண்டாக்கக்கூடியது. வேலை செய்பவரை எண்ணி டைபென்சைல் வகையைக் கேட்டு வாங்குங்கள். அமோனியாவுக்குக் காற்றோட்டமும் கையுறையும் கட்டாயம். பால் எந்த அளவுக்கு வெந்திருக்கிறது என்பதைக் குளோரோபோம் சோதனை காட்டும். அதை வீட்டில் செய்யாமல், இறத்மலானையில் இறப்பர் ஆராய்ச்சி நிறுவகத்தின் ஆய்வுகூடப் பிரிவில் கேட்டுப் பாருங்கள்.

சிங்க் ஒக்சைட்டை 2 பங்குக்கு மேல் போகவிடாததற்குக் காரணம் உண்டு. அது நீர்வாழ் உயிர்களுக்கு நஞ்சு. மெத்தையின் ஆயுள் முடிந்து மண்ணுக்குப் போகும்போது அதுதான் மிஞ்சும்.

காளான் கூடம்:

மூலைக்கட்டைக்குக் காளான் இழைப் பொருள், அதாவது மரத்தூளையும் வைக்கோலையும் காளான் இழை பிணைத்து வளரும் கட்டி, நன்றாகப் பொருந்தும், மெத்தைக்குப் பொருந்தாது. அது நசியும், ஆனால் முழுதாக மீளாது. ஒரு பயணத்தில் ஒரு தரம் அடிவாங்கும் மூலைக்கு அது போதும்.

தும்புச்சோற்றில் வளர்க்க முயலவேண்டாம். இலிக்னின் கூடியது, இழை மெதுவாகத்தான் பரவும், அதற்குள் வேறு பூஞ்சணம் வந்துவிடும். காளான் பைக்குப் போடும் இறப்பர் மரத்தூள் 60 பங்கு, 1 சென்ரிமீற்றருக்கு வெட்டிய வைக்கோல் 32, தவிடு 7, கல்சியம் காபனேற்று 1. ஈரம் மொத்த நிறையில் 60 முதல் 65 வீதம். கையில் பிழிந்தால் ஓரிரு சொட்டு விழவேண்டும், ஓடக்கூடாது. தவிட்டைக் கூட்டினால் வேகமாக வளரும் என்று பலர் கூட்டுகிறார்கள். பச்சைப் பூஞ்சணத்துக்குத்தான் அது விருந்து.

பைகளை 121 பாகை அழுத்தக் கலனில் ஒன்றரை மணித்தியாலம், அல்லது சாதாரண ஆவியில் 8 மணித்தியாலம். ஆறியபின் சிப்பிக் காளான் அல்லது கனோடெர்மா வித்தை 10 வீதம் கலந்து இருட்டில் 10 முதல் 14 நாள். முழுதும் வெள்ளையானதும் உடைத்து, மதுசாரத்தால் துடைத்த அச்சில் அழுத்தி, துளையிட்ட மூடியோடு 5, 6 நாள். வெளியே எடுத்து ஒரு நாள் திறந்துவைத்தால் மேலே மென்தோல் கட்டும். பிறகு 60 பாகையில், நிறை மாறாமல் நிற்கும்வரை உலர்த்தவேண்டும். உலர்த்தல் அரைகுறையானால் பெட்டிக்குள்ளே காளான் முளைக்கும்.

கொழும்பில் தோல்விக்கு முதற்காரணம் சூடு. தகரக் கூரையின் கீழ் பையின் உள்வெப்பம் அறையைவிட சில பாகை கூடும். 35-ஐத் தாண்டினால் சிப்பிக் காளான் இழை தளர்ந்துவிடும், செம்மஞ்சள் பூஞ்சணம் ஒரே இரவில் எல்லாப் பைக்கும் பரவும். செம்மஞ்சள் தெரிந்த பையை அறைக்குள் திறக்கவே வேண்டாம். ஈரத்துணியால் மூடி வெளியே கொண்டுபோய் ஆவியில் அவியுங்கள்.

கட்டையின் அளவு: 3 சென்ரிமீற்றர் தடிப்பு, மூன்று பக்கமும் 7 சென்ரிமீற்றர் கொண்ட மூலை வடிவம். அதற்கேற்ப மெத்தைத் துண்டுகளின் மூலைகளை வெட்டிவிடலாம். உட்கோணத்தைக் கூராக விடாமல் 1 சென்ரிமீற்றர் வளைவு கொடுங்கள். கூர்க்கோணத்தில்தான் வெடிப்புத் தொடங்கும். மரக்கிளை தண்டோடு சேரும் இடத்தைப் பார்த்தால் அந்த வளைவு தெரியும்.

கட்டுபெத்தை வடிவமைப்பு:

இயற்கையைப் பின்பற்றியது என்பதாலேயே ஒரு பொருள் சூழலுக்கு நல்லதாகிவிடாது. 1941-இல் ஜோர்ஜ் டி மெஸ்ட்ரல் நாயின் உரோமத்தில் ஒட்டிய முள்விதையைப் பார்த்துத்தான் வெல்குரோவுக்கு வந்தார். அது நைலோன். வடிவம் மட்டும் இயற்கையிலிருந்து வந்தது, பொருளும் அதன் முடிவும் வரவில்லை. தேங்காய் மட்டையிடம் கற்க வடிவத்துக்கு மேலும் உண்டு: சாதாரண வெப்பத்தில், நீரில் கரைந்த பொருட்களால் உண்டாகிறது. ஒரே நாரை இறுக்கியும் தளர்த்தியும் அடுக்கியே வெவ்வேறு வேலை வாங்குகிறது. முடிந்ததும் மரத்தடியிலேயே உக்குகிறது.

உங்கள் மெத்தை இந்தக் கடைசி இடத்தில்தான் தடுமாறும். கந்தகம் சேர்ந்த இறப்பர் மண்ணில் உக்கும், ஆனால் தும்பைவிட மிக மெதுவாக. ஆகவே இதை ஒருமுறை எறியும் பொருளாக வடிவமைக்கவேண்டாம். மெத்தையைப் பெட்டியில் ஒட்டாதீர்கள். ஆறு துண்டையும் பருத்தி நாடாவால் ஒன்றோடொன்று கட்டி, மடித்தால் தட்டையாகும்படி செய்யுங்கள். கடைகளுக்குப் போகும் பொதியில் அடுத்த லொறியோடு திருப்பி எடுக்கலாம். தனி வாடிக்கையாளருக்குப் போவதற்கு இறப்பர் இல்லாமல், ஊசியால் மட்டும் குத்தி இறுக்கிய தும்புப் பாயை 5 சென்ரிமீற்றர் தடிப்பில் வையுங்கள். அது மீள்வது குறைவு, ஒரு பயணத்துக்குப் போதும். அதை வாங்கியவர் அன்தூரியம், ஓர்கிட் சாடிக்குள் போட்டுவிடலாம், தென்னையடியிலும் போடலாம்.

மாப்பொருள் பசையை யாராவது சொல்வார்கள். மரவள்ளி மாப் பசை உலர்ந்த ஊரில் நல்ல பிணைப்பு. இங்கே மே மாதத்துக்குப் பிறகு இளகிப் பூஞ்சணம் பிடிக்கும்.

பழுதான இறப்பர் மெத்தையை எரிக்கக்கூடாது. கந்தகப் புகை வரும்.

கொட்டாஞ்சேனைப் பொதி:

கடைகளுக்கு இறப்பர் மெத்தை, வீடுகளுக்கு ஊசிப்பாய் என்று பிரித்தே செய்கிறேன். செய்த மெத்தைகளை அடுக்கி வைக்கும்போது கவனிக்க ஏதும் உண்டா? கிடங்கு தரைத்தளத்தில்.

தும்புப் பட்டறை:

தரையில் நேரே வைக்காதீர்கள், மரச்சட்டத்தில் 15 சென்ரிமீற்றர் உயர்த்தி வையுங்கள். ஒன்றன்மேல் ஒன்றாக இருபதுக்கு மேல் அடுக்கினால் அடியில் உள்ளவற்றின் இளகிய படை நிரந்தரமாகப் படிந்துவிடும். நிமிர்த்தி, பக்கவாட்டில் வரிசையாக வைப்பது நல்லது. வெயில் படும் யன்னல் வேண்டாம். வெயிலில் இறப்பர் மேலே வெடித்துத் தூளாகும். பொலித்தீனால் மூடி வைக்கவும் வேண்டாம், ஈரம் உள்ளேயே தங்கும். பழைய பருத்திச் சீலை போதும்.

புதுத் தும்புத் தொகுதி வரும்போதெல்லாம் ஒரு பிடியை நிறுத்து, 105 பாகையில் நிறை மாறாத வரை உலர்த்தி, மறுபடி நிறுங்கள். குறைந்த நிறை 15 வீதத்துக்கு மேல் என்றால் அதை அப்படியே தெளிப்புக்கு எடுக்காமல் இரண்டு நாள் நிழலில் பரப்பி வையுங்கள். மேலே கொடுத்த 255, 180, 115 கிராம் எல்லாம் உலர்ந்த தும்பின் நிறை. ஈரத் தும்பை அதே எண்ணுக்கு நிறுத்தால் மெத்தை இளகிப்போய், பத்து வீழ்ச்சியில் அடிமுகம் விழும்போது தட்டும்.